மழையில் கார் வழுக்குகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய ஒரு டெல்டாக்காரரின் வழிமுறை

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். டெல்டாவில் அந்த ரெண்டு மாதமும் ரோட்டின் மேல் தண்ணீர் மட்டும் இருப்பதில்லை. குறுவை அறுத்துக் காயப்போட்ட நெல்லும் வைக்கோலும் ஒரு பக்கம் கிடக்கும். தாளடிக்கு உழுதுவிட்டுக் கரையேறும் டிராக்டர்கள் களிமண்ணைக் கட்டி கட்டியாக உதிர்த்துக்கொண்டே போகும். வெயில் காலம் முழுக்கத் தாரில் ஊறிய எண்ணெய்ப் பிசுக்கும் டயர்த் தூளும் முதல் மழையில் மேலே கிளம்பும். மழை பிடித்த முதல் கால்மணி நேரம்தான் ரோடு மிக மோசமாக வழுக்கும். நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகு கொஞ்சம் தேவலை. இதற்கு மேல், நம் ஊர்ச் சாலைகளில் பாதி ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும்தான் ஓடுகின்றன. வழுக்கினால் போய் நிற்க இடம் கிடையாது.

நான் கும்பகோணத்திலிருந்து குடவாசல் வழியாகத் திருவாரூருக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறவன். மழைக்காலம் வந்தால் கூட வேலை பார்ப்பவர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வண்டியில டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கே, அப்புறம் ஏன் வழுக்குது?" அதற்குத்தான் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில்: எது எந்த வேலையைச் செய்கிறது

ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்கு டயர். ஒவ்வொன்றும் தரையில் பதியும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. ஒரு டன் வண்டியைக் கிளப்புவதும் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நான்கு உள்ளங்கைதான். பிடிமானம் அங்கேதான் பிறக்கிறது.

ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஈஎஸ்சி மூன்றும் அந்தப் பிடிமானத்தை அளந்து கொடுக்கும் கணக்குப்பிள்ளைகள். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிப்பது ஏபிஎஸ். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது, இழுக்கும் சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றினால் எஞ்சின் சக்தியைக் குறைத்து, அந்தச் சக்கரத்தின் பிரேக்கையும் லேசாகப் பிடிப்பது டிராக்‌ஷன் கண்ட்ரோல். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிய பக்கமும் வண்டி உண்மையில் திரும்பும் பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் தனித்தனிச் சக்கரமாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கப் பார்ப்பது ஈஎஸ்சி. களஞ்சியத்தில் நெல் இருந்தால் கணக்குப்பிள்ளை ஒரு மணி சிந்தாமல் அளந்து கொடுப்பார். நெல்லே இல்லையென்றால் மரக்காலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? டயரில் பிடிமானம் இல்லாதபோது இந்த மூன்றின் நிலையும் அதுதான்.

மூன்றும் சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் அதே வேக சென்சார்களைத்தான் நம்பியிருக்கின்றன. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். மற்ற ரெண்டும் எல்லா வண்டியிலும் இருக்காது. சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் மீட்டரைப் பாருங்கள். ஒரு காரும் அதற்குக் கீழே ரெண்டு நெளிகோடும் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தால் உங்கள் வண்டியில் இருக்கிறது. அந்த விளக்கு வரவே இல்லையென்றால், கீழே நான் டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்று சொல்லும் இடத்திலெல்லாம் உங்கள் வலது கால்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: கிளம்பும்போது முன் சக்கரம் சுற்றுகிறது, விளக்கு மின்னுகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இதை நன்றாகப் பார்க்கலாம். ரொம்ப நேரம் நின்றுவிட்டு, கேட் தூக்கியதும் எல்லோரும் ஒரே மூச்சில் கிளம்புவார்கள். ஈரத் தண்டவாளத்தின் மேல் முன் சக்கரம் ஏறும்போது விளக்கு படபடவென்று மின்னும், எஞ்சின் அடக்கி வாசிக்கும். பழுது என்று பயந்து இன்னும் அழுத்துகிறார்கள்.

விளக்கு மின்னினால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் வேலை செய்கிறது என்று பொருள். நிலையாக எரிந்தால்தான் பழுது, அல்லது யாரோ பட்டனை அழுத்தி அணைத்து வைத்திருக்கிறார்கள். மின்னும்போது செய்ய வேண்டியது: ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுங்கள். கியர் வண்டியாக இருந்தால் ரெண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டுக் கிளப்புங்கள்.

தண்டவாளத்திலும் சேற்றிலும் மின்னுவது இயல்பு. சாதாரண ஈரத் தார் ரோட்டில், சாதாரணமாகக் கிளம்பும்போதே ஒவ்வொரு சிக்னலிலும் மின்னினால் அது டயர் விடும் முன்னெச்சரிக்கை. நாம் ஓட்டும் சின்னக் கார்களில், சாதாரணமாகக் கிளப்பினால் நல்ல டயர் நனைந்த தாரில் சும்மா சுற்றாது. அடிக்கடி சுற்றுகிறது என்றால் டயரில் சரக்கு தீர்ந்துவிட்டது.

அப்போது கீழே உள்ளதைப் பாருங்கள். எந்த அறிகுறிக்கும் முதல் பரிசோதனை இதுதான்.

டயர் பரிசோதனை

ஆழம். புது கார் டயரின் பள்ளம் ஏறக்குறைய 7 முதல் 8 மி.மீ. இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் அந்த டயர் ஓடவே கூடாது. பள்ளத்துக்குள் அங்கங்கே ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும்; டயர்ப் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டிகள்) தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் 1.6 வந்துவிட்டது. சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. மழைக்கு என் கணக்கு 3 மி.மீ. பள்ளம் என்பது தண்ணீர் வடியும் வாய்க்கால். தூர்ந்துபோன வாய்க்காலில் வெள்ளம் எப்படி வடியாதோ அப்படித்தான் 3 மி.மீ.க்குக் கீழே போன டயரும்.

அளக்கத் தீக்குச்சி போதும். பள்ளத்தில் செங்குத்தாக விட்டு, ரப்பர் மட்டத்தில் நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்து, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட ஸ்கேலில் பூஜ்ஜியம் ஓரத்திலிருந்து தொடங்காது, கொஞ்சம் தள்ளித்தான் கோடு இருக்கும். ஓரத்திலிருந்து அளந்தால் தப்பான கணக்கு வரும். ஒரு டயரில் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உள் ஓரத்தைப் பார்க்க ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வையுங்கள். வெளியே பார்த்தால் பட்டன் பளிச்சென்று இருக்கும், உள் ஓரம் மொட்டையாக இருக்கும். அப்படி இருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. புது டயர் போட்டாலும் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் அதுவும் அப்படியேதான் போகும்.

வயது. பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நம் ஊர் வெயிலில் நிற்கும் டயர், பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் ரோட்டின் மேடுபள்ளத்துக்குள் அமுங்கிப் பதியாது. ஈரத்தில் அதுவும் வழுக்கலுக்கு ஒரு காரணம். வாரம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் கார்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டன் புதுசு போல இருக்கும், வயது ஏழு இருக்கும், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். ஐந்து வருடம் தாண்டினால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் சந்தேகத்தோடு பாருங்கள்.

காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் அளவுதான் சரி. காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். "மழைக்குக் காத்தக் கொறச்சா நல்லாப் பிடிக்கும்" என்று பஞ்சர் கடையில் சொல்வார்கள். மணலுக்கு அது உண்மை. தார் ரோட்டில் தண்ணீர் நின்றால் நேர்மாறு. ஏன் என்பது ஸ்டியரிங் லேசாகும் பகுதியில் வருகிறது. நைட்ரஜன் பிடிப்பதற்கும் ஈரப் பிடிமானத்துக்கும் சம்பந்தம் இல்லை.

தரம். இதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். டயர்க் கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" அதற்கேற்ற டயரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நீண்ட நாள் ஓட வேண்டுமென்று இறுக்கமாகச் செய்த ரப்பர் ஈரத்தில் குறைவாகப் பிடிக்கும். சிலிக்கா சேர்த்த நல்ல கலவை ரெண்டையும் ஓரளவு சமாளிக்கும், விலை கூடும். சில டயர்களின் பக்கவாட்டில் டிராக்‌ஷன் என்று எழுதி ஏஏ, ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். அது அமெரிக்கத் தர அளவு: நனைந்த தாரிலும் கான்கிரீட்டிலும் நேராகப் பிரேக் பிடித்துப் பார்த்துக் கொடுப்பது. ஏஏ மேலானது. அதே இடத்தில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். எண் பெரிதானால் மெதுவாகத் தேயும். இந்தியாவிலும் ஏஐஎஸ்-142 என்ற தரநிலையில் ஈரப் பிடிமானம் சேர்ந்திருக்கிறது. அடுத்த முறை கடையில் "ஈரத்துல எப்படிப் பிடிக்கும்?" என்று முதலில் கேளுங்கள். பழைய டயரில் பள்ளம் கீறிக் கொடுப்பதைக் காருக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

அறிகுறி: பிரேக் மிதித்தால் பெடல் அதிர்கிறது, வண்டி நிற்காமல் போகிறது

பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதைப்பது ஏபிஎஸ். காலை எடுக்காதீர்கள். விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம், அந்த வேலையை அது நம்மைவிட வேகமாகச் செய்கிறது. அழுத்தி மிதித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பி விலகுங்கள். திருப்ப முடிவதுதான் ஏபிஎஸ் கொடுக்கும் பெரிய உதவி.

வண்டி நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயரும் தரையும். பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறோம். காய்ந்த தாரில் நல்ல டயருக்கு உராய்வுக் கெழு 0.8 என்று வைத்தால் சுமார் 18 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் அது 0.5 ஆனால் 28 மீட்டர். மொட்டை டயர், களிமண் பூச்சு என்று 0.3-க்கு இறங்கினால் 47 மீட்டர். கண் பார்த்துக் கால் போவதற்குள் ஓடும் ஒரு விநாடி, அதாவது இன்னொரு 17 மீட்டர், இதில் சேரவில்லை. பிரேக் பழுதோ என்று மெக்கானிக்கிடம் போகிறவர்களில் பலருக்கு டிஸ்க்கும் பேடும் சரியாகவே இருக்கும்.

ரோட்டில் காயும் நெல் தனிக் கதை. டயருக்கும் தாருக்கும் நடுவில் நெல்மணிகள் உருளும். பால் பேரிங் குண்டு போலத்தான். உருளும் பரப்பில் ஏபிஎஸ் வண்டி நிற்க வழக்கத்தைவிட அதிகத் தூரம் எடுக்கும். நனைந்த வைக்கோல் அதைவிட மோசம். நெல் பரப்பிய இடம் தூரத்தில் தெரிந்தவுடனே, நல்ல தாரில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதன்மேல் போகும்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். காய்ந்த வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும்.

தண்ணீர் தேங்கிய பாலத்தடியைக் கடந்து வந்த பிறகு மட்டும் பிரேக் மந்தமாக இருந்தால் பேடும் டிரம்மும் நனைந்திருக்கின்றன. மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக நாலைந்து முறை அழுத்துங்கள், சூட்டில் காய்ந்துவிடும்.

அறிகுறி: வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகிறது, எஞ்சின் சத்தம் ஏறுகிறது

டயர் தரையை விட்டுத் தண்ணீர் மேல் ஏறிவிட்டது. பள்ளங்கள் வடிக்கும் வேகத்தைவிடத் தண்ணீர் வந்து சேரும் வேகம் கூடினால், டயருக்கு முன்னால் ஆப்பு போலத் தண்ணீர் திரண்டு அதைத் தூக்கிவிடும். அந்த நொடியில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஆக்சிலேட்டரும் ரோட்டோடு தொடர்பில்லாதவை. இழுக்கும் சக்கரம் சுற்றுவதால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு மின்னும், எஞ்சின் சக்தியும் குறையும். ஆனால் பிடிக்கத் தரை இல்லாத இடத்தில் அதனால் அதற்குமேல் ஒன்றும் ஆகாது.

1960-களின் தொடக்கத்தில் நாசா விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்து ஒரு எளிய சூத்திரம் கொடுத்தது. டயர்க் காற்றழுத்தத்தைப் பிஎஸ்ஐயில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், டயர் முழுக்க மிதக்கத் தொடங்கும் வேகம் கி.மீ. கணக்கில் வரும். 32 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 94. 25-க்கு இறங்கினால் 83. 20 ஆனால் 75. காருக்கு இது தோராயக் கணக்குதான். மொட்டை டயரும் நிறையத் தண்ணீரும் சேர்ந்தால் இதற்கு முன்பே பிடி விடத் தொடங்கும். காற்றைக் குறைத்தால் நல்லது என்ற பேச்சு தார் ரோட்டில் ஏன் தப்பு என்று இதில் தெரிகிறது. அழகுக்காக அலாய் வீலும் அகல டயரும் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால், தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும்.

ஊர்ச் சாலையில் இது அபூர்வம், அவ்வளவு வேகம் போக முடியாது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நால்வழிச் சாலை மாதிரி இடத்தில்தான் ஆபத்து. மிதக்கும்போது ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள். பிரேக் வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி காத்திருங்கள். பயத்தில் திருப்பி வைத்திருந்தால், டயர் மறுபடி தரையைத் தொட்டதும் வண்டி அந்தப் பக்கம் பாயும். மழையில் குரூஸ் கண்ட்ரோல் போடாதீர்கள்.

அறிகுறி: குட்டையில் ஏறினால் ஒரு பக்கம் இழுக்கிறது

அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் தண்ணீரில் இறங்கியிருந்தால் இழுக்கத்தான் செய்யும். ரெண்டு கையாலும் பிடித்திருங்கள், போதும். தண்ணீர் இல்லாத இடத்திலும் இழுத்தால் வலது இடது காற்றழுத்தம், பிறகு அலைன்மென்ட், பிறகு ஒட்டிக்கொண்ட பிரேக் என்ற வரிசையில் பாருங்கள்.

அறிகுறி: வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை

இது ரெண்டு வகை. மூக்கு நேராக ஓடுகிறது, திரும்பவில்லை என்றால் முன் டயர் பிடி விட்டிருக்கிறது. இன்னும் திருப்பினால் இன்னும் வழுக்கும். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால் பிடி வரும். பயமாகத்தான் இருக்கும், ஆனால் கைக்குத் தெரிந்து நடக்கிற வழுக்கல் இது.

பின்பக்கம் வால் வீசினால் பின் டயர் பிடி விட்டிருக்கிறது. இதில் நமக்கு நேரமே கிடைக்காது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஓர் ஆடி மாதம் ரெண்டு புது டயர் வாங்கினேன். கடையில் ரெண்டையும் முன்னால் போட்டு, பாதி தேய்ந்ததைப் பின்னாலேயே விட்டார்கள். "முன் வீல்தானே சார் இழுக்குது, புதுசு முன்னாடிதான் இருக்கணும்" என்றார்கள். எனக்கும் சரியென்றே பட்டது. ஐப்பசியில் ஒரு காலை, நாச்சியார்கோயில் தாண்டி ஓர் இடது வளைவு. ஐம்பதுக்குள்தான் போனேன். டிராக்டர் ஏறிய இடத்தில் களிமண், மழையில் கரைந்து சந்தனம் பூசியது போல ரோட்டில் படர்ந்திருந்தது. முன் சக்கரம் அழகாகத் திரும்பியது. அதே நொடியில் பின்பக்கம் வலப்புறம் போய்விட்டது. விளக்கு மின்னியது, முன்னால் எங்கோ பிரேக் தானாகக் கரகரவென்று பிடித்தது. வண்டி ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி, வலது பின் சக்கரம் தார் ஓரத்தைத் தாண்டி மண்ணில் இறங்கி நின்றது.

நாற்று முடி சுமந்து வந்த பெண்கள் வரப்பிலிருந்து கத்தினார்கள். அவர்களில் வயதான அம்மா ஒருவர் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். "தம்பி, அந்தப் பக்கம் கதவத் தொறக்காதீங்க, வாய்க்கா! இந்தப் பக்கமா எறங்குங்க." இடப்பக்கமாக நகர்ந்து இறங்கிச் சுற்றி வந்து பார்த்தேன். பின் சக்கரத்துக்கும் வாய்க்கால் விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. பின் டயரின் பள்ளங்களில் களிமண் நிரம்பி, சிலேட்டுப் பலகை போல வழவழவென்று இருந்தது. குச்சியால் நோண்டிவிட்டு அளந்தேன்: 2 மி.மீ. அந்தக் கரகரப்பு ஈஎஸ்சி. வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடித்து வண்டி முழுக்கச் சுழலாமல் காத்தது அதுதான். பின்னால் பிடிமானம் இருந்திருந்தால் அதற்கு வேலையே வந்திருக்காது.

ரெண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியதைப் பின்னால் போடுங்கள், முன் சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தாலும். பழசு முன்னால் இருந்தால் முதலில் முன்பக்கம்தான் வழுக்கும். ஸ்டியரிங் சொல்லிவிடும், விளக்கு சொல்லிவிடும், காலை எடுத்தால் சரியாகும். பழசு பின்னால் இருந்தால் முன்பக்கம் நன்றாகப் பிடிப்பதால் நமக்கு எந்தச் சந்தேகமும் வராது. வரும்போது வாலாகத்தான் வரும். கடையில் மறுத்துப் பேசுவார்கள். பணம் நம்முடையது, பின்னால் போடுங்கள் என்று நின்று சொல்லுங்கள். நான் மறுநாளே வேறொரு கடையில் மாற்றிப் போட்டேன். நாலையும் ஒரே நேரத்தில் மாற்ற முடிந்தால் அதுவே உத்தமம். ஒரே ஜாதி டயராகவும் இருக்கும்.

வால் வீசும்போது செய்ய வேண்டியது: போக வேண்டிய பக்கத்தைக் கண்ணால் பாருங்கள், ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே திருப்புங்கள், ஆக்சிலேட்டரை வெடுக்கென்று விடாமல் மெல்ல விடுங்கள்.

அறிகுறி: காய்ந்த நேர் ரோட்டிலும் விளக்கு மின்னுகிறது, அல்லது அணையவே இல்லை

சக்கர வேக சென்சார் என்று முன்பு சொன்னேனே, அது இங்கே வருகிறது. ஒரு டயரில் காற்று குறைந்தாலோ, வேறு அளவு ஸ்டெப்னி மாட்டியிருந்தாலோ, ஒரு டயர் மட்டும் புதுசாகி மற்றது மொட்டையாக இருந்தாலோ, சுற்றளவு மாறும். சுற்றளவு மாறினால் சுற்றும் வேகம் மாறும். "இந்தச் சக்கரம் வழுக்குகிறது" என்று வண்டி தப்பாக நினைத்து எஞ்சினை அடக்கும். நாலு டயரிலும் எழுதியிருக்கும் அளவு ஒன்றா என்று முதலில் பாருங்கள், அப்புறம் காற்று.

சேற்று வேலைக்குப் பிறகு வந்தால் சென்சாரைச் சுற்றிக் களிமண் காய்ந்திருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பல சமயம் சரியாகிவிடும். எலி வயரைக் கடித்திருக்கவும் கூடும், வயலோரம் வண்டி நிற்கும் வீடுகளில் இது சகஜம். அலைன்மென்ட் முடித்து வந்த அன்றே எரிந்தால் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் கோண சென்சாரைச் சரிப்படுத்தாமல் விட்டிருப்பார்கள். அதே கடைக்குத் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

ஏபிஎஸ் விளக்கும் இதுவும் சேர்ந்து நிலையாக எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், மற்ற உதவி ஒன்றும் இருக்காது. மெதுவாக மெக்கானிக்கிடம் போகலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்துகொண்டால் ஓட்டாதீர்கள்.

அறிகுறி: வயலோரம் இறக்கிய வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது, ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் எஞ்சின் ஏறவில்லை

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம், அதாவது 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில், மண் கொஞ்சம் மணல் கலந்தது. அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பழைய டெல்டாக் களிமண் அப்படி இல்லை. ரெண்டே சுற்றில் டயர்ப் பள்ளத்தை அடைத்துவிடும். அதன்பின் எந்த டயரும் மொட்டை டயர்தான்.

முதலில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் போட்டபடியே ஒரு தடவை மெல்ல முயலுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சேற்றிலும் மற்றது கெட்டித் தரையிலும் இருந்தால், சுற்றும் சக்கரத்தை அது பிடித்துக்கொண்டு மற்றதுக்குச் சக்தியை அனுப்பும், வண்டி ஏறிவிடும். ரெண்டும் சேற்றில் இருந்தால் வழுக்கலைப் பார்த்துப் பார்த்து எஞ்சினை அடக்கிக்கொண்டே இருக்கும். அப்போது அதற்கான சுவிட்சை அழுத்தி அதை அணைத்துவிடுங்கள்.

ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். சக்கரத்துக்கு முன்னால் மண்வெட்டியால் சேற்றை வெட்டி எடுத்துவிட்டு, சாக்கு அல்லது பச்சைத் தென்னை மட்டையை டயருக்குக் கீழே நன்றாகத் திணியுங்கள். செங்கல் ஜல்லி கிடைத்தால் இன்னும் நல்லது. வைக்கோல் வேண்டாம், நனைந்தால் அதுவே வழுக்கும். ஆட்களை வண்டிக்கு நேர் பின்னால் நிற்க விடாதீர்கள். மட்டையும் கல்லும் பின்னால் பறக்கும். ரெண்டாவது கியரில் மெல்ல முன்னால், பிறகு ரிவர்ஸில் மெல்லப் பின்னால் என்று தொட்டில் ஆட்டுவது போல ஆட்டுங்கள். நாலைந்து முறைக்கு மேல் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள், ஆழமாகத்தான் இறங்கும். பக்கத்து வயலில் டிராக்டர் இருக்கும். "அண்ணே, ஒரு கயிறு போட்டு இழுத்து விடுங்க" என்றால் மறுக்கிறவர் நம் பக்கத்தில் கிடையாது.

தாரில் ஏறியதும் டிராக்‌ஷன் கண்ட்ரோலைத் திரும்பப் போடுங்கள். முதல் அரைக் கிலோமீட்டர் இருபது வேகத்தில் போய், பட்டனில் அடைத்த களிமண் தெறித்து விழும் சத்தம் நிற்கும்வரை பிரேக்கையும் வளைவையும் நம்பாதீர்கள். முடிந்தால் முதலில் வரும் மதகில் நிறுத்தி, ஒரு குச்சியால் நாலு டயரின் பள்ளத்தையும் நோண்டிவிட்டுப் போங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்காக, நீங்கள் ரோட்டில் கொட்டிய கட்டிகளையும் காலால் ஓரம் தள்ளிவிடுங்கள்.